அழித்துக் காட்டிய பெயர்

சிவரூபிக்கு அடியோடு பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. "உறுதியாக அழிக்கவா?" என்பதுதான் அது. கம்ப்யூட்டரிலோ போனிலோ எதையாவது அழிக்கப் போனால் குறுக்கே ஒரு பெட்டி வந்து நின்று மறிக்குமே, அந்தப் பெட்டியில் இருக்கிற கேள்வி.

கிளிநொச்சி நகரில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இயங்குகிற சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள்தான். அந்தப் பெட்டியை எங்கே கண்டாலும் தூக்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

"அந்தக் கேள்வியை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. ஓம் எண்டு அமத்திப்போட்டுப் போகினம். பிழையா அழிக்கிற ஆளும் ஓம் எண்டுதான் அமத்தும்," என்பாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அழி என்றால் உடனே அழித்துவிட வேண்டும். அழித்த கையோடு, "திருப்பி எடு" என்று ஒரு பொத்தானைக் கீழே காட்ட வேண்டும். பிழை விட்டவர் அதைத் தொட்டால் போனது போனபடியே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். மனிதரை மறித்துக் கேள்வி கேட்பதைவிட, தவறினால் திரும்பி வர ஒரு வழி வைப்பதுதான் மரியாதை என்பது அவள் கட்சி. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே, அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிவிடும் நிலைமை வந்திருந்தது.

வீட்டில் அம்மா அன்னபாக்கியம் நேர் எதிர். சோற்றுக் கோப்பையை எடுக்க முன் போதுமா என்று மூன்று தரமாவது கேட்பா. "காணுமோ? வடிவாக் காணுமோ? பிறகு பசிக்குதெண்டு குசினிக்குள்ள வரப்படாது."

"அம்மா, நீங்கள்தான் அந்தப் பெட்டி," என்று சிவரூபி சிரிப்பாள். என்ன பெட்டி என்று அம்மாவுக்கு விளங்காது. விளங்காமலே இன்னொரு அகப்பை சோறு விழும்.

முரசுமோட்டைக்குக் கிழக்கே ஒரு வாய்க்காலோரம் அவர்களுக்கு வயல். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தோடு வந்த குடும்பம். அப்பா ஐயாத்துரை அந்த வாய்க்கால் கமக்காரர் அமைப்பின் செயலாளர். மாரிப் பயிரை மழை பார்த்துக்கொள்ளும். மழையில்லாத சிறுபோகத்தில்தான் வில்லங்கம். குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். யாருக்கு எப்போது முறை என்று எழுதுவதும், போன் அடித்துச் சொல்வதும், "எனக்கேன் சொல்லேல்லை?" என்று பிறகு நாலு பேரிடம் வாங்கிக் கட்டுவதும் ஐயாத்துரையின் தலையில் விழுந்த வேலை.

"வெளிநாட்டுக்காரனுக்கு விதம் விதமாச் செய்து குடுக்கிறாய். எங்களுக்கும் ஒண்டு செய்து தாவன், பிள்ளை," என்று ஒருநாள் கேட்டார்.

ஒரு செயலி செய்து கொடுத்தாள். முறை வருகிறவருக்கு முதல்நாளே செய்தி போகும். துருசு என்கிற வாய்க்கால் மதகைத் திறந்து பூட்டுகிற கிருபனின் போனில் அன்றைய பெயர்கள் வரிசையாக வரும். அவன் அதைப் பார்த்துத் திறந்து, அதைப் பார்த்துப் பூட்டினால் போதும். கிருபன் அந்தப் போகத்துக்குத்தான் புதிதாக வேலைக்கு வந்தவன். எந்த வயல் யாருடையது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. போனில் வந்ததுதான் அவனுக்கு வேதவாக்கு.

சிறுபோகத் தொடக்கத்தில் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அலுவலகத்தில் இரவல் வாங்கிய புரொஜெக்டரைக் கொண்டுபோய், செயலியைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள் சிவரூபி. தங்கள் பெயரைச் சுவரில் அத்தனை பெரிதாகக் கண்ட மகிழ்ச்சி எல்லார் முகத்திலும் தெரிந்தது. ஐயாத்துரை மேடைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மகளைப் பெற்றதற்கான பெருமையை மறைக்கத் தெரியாமல் இருந்தார்.

விமலேஸ்வரி எழும்பினா. புருசன் போனபின் தனி ஆளாக வயல் செய்கிறவா, கேள்வி கேட்காமல் எந்தக் கூட்டத்தையும் முடியவிடமாட்டா. "பிழையா ஏதும் பதிஞ்சிட்டம் எண்டால் என்ன செய்யிறது, பிள்ளை?"

"அழிக்கலாம் அன்ரி. வலு சுகமான வேலை. இஞ்சை பாருங்கோ." சிவரூபி முதலாவது பெயரில் விரலை வைத்தாள். அது விமலேஸ்வரியின் பெயராய்ப் போயிற்று.

"ஐயோ, பிள்ளை! உயிரோட இருக்கிற ஆளின்ர பேரை அழியாதை!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆனாலும் அது முழுக்கச் சிரிப்பில்லை. அந்த வாய்க்கால்காரருக்கு அது பொறுக்காத விசயம். உயிரோடு இருக்கிறவரின் பெயரை விளையாட்டுக்கும் அழிக்கக்கூடாது. கலியாண அழைப்பிதழில் ஒரு பெயர் பிழைத்தால் அதை வெட்டி எழுதமாட்டார்கள், வேறு அழைப்பிதழ் எடுத்துத்தான் எழுதுவார்கள்.

சரியென்று அடுத்த பெயருக்குப் போனாள். அந்தப் பெயர்க்காரர் கதிரையை விட்டு எழும்பியேவிட்டார். "என்ர பேரில கை வையாதை மோனை. போன கிழமைதான் பிறஷர் எண்டு ஆசுப்பத்திரியில கிடந்திட்டு வந்தனான்."

மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது அப்பாவின் பெயர். அதை அவள் ஒருவரும் சொல்லாமலே தாண்டினாள். விரல் கீழே கீழே வழுக்கிக்கொண்டு போய்க் கடைசிப் பெயரில் நின்றது. ஆண்டியப்பன். வாய்க்கால் முடிகிற இடத்தில், காட்டோரமாக ஒரு துண்டு வயல் செய்கிறவர். எழுபதுகளில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்த குடும்பம்.

சிவரூபி ஒரு கணம் பொறுத்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அழித்தாள்.

"பார்த்தீங்களோ, அழிஞ்சு போட்டுது. இப்ப கீழை 'திருப்பி எடு' எண்டு வருது பாருங்கோ. அதைத் தொட்டால்..." என்று சொல்லும்போதே தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த பெடியன் புரொஜெக்டர் வயரில் கால் இடறினான். சுவர் இருண்டது. தேத்தண்ணி ஒருவரின் வேட்டியில் ஊற்றுண்டது. வேட்டிக்காரரின் கூத்தில் மண்டபமே திரும்பிவிட்டது. வெளிச்சம் திரும்பி வந்தபோது "திருப்பி எடு" மறைந்துபோயிருந்தது. சிறிது நேரம் காட்டிவிட்டு மறைந்துவிடும்படி அமைத்தவளே அவள்தான். நெடுகத் திரையில் நின்றால் பார்க்க வடிவாக இருக்காதாம்.

வீட்டுக்குப் போய்ப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். அன்று அலுவலகத்திலிருந்து ஏதோ அவசரம் என்று செய்தி வந்தது. என்ன அவசரம் என்றுகூட இப்போது அவளுக்கு நினைவில்லை. ஆண்டியப்பனின் பெயரை அவள் போடவில்லை.

பயிர் குடலைப் பருவத்துக்கு வந்தது. கதிர் வயிற்றில் இருக்கிற காலம், தண்ணீர் தப்பவே கூடாது. செயலியில் போடுவதற்கு வயல் படங்கள் வேண்டுமென்று, ஒரு சனிக்கிழமை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி வாய்க்கால் நெடுகப் போனாள் சிவரூபி. எல்லாம் பச்சைப்பசேலென்று நின்றது. அவள் படம் எடுத்துத் தள்ளினாள். அப்பா வழியில் கண்டவர்களிடமெல்லாம் "ஒருத்தருக்கும் முறை தப்பேல்லை பாருங்கோ, எல்லாம் என்ர பிள்ளையின்ர போன் செய்யிற வேலை" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது. அங்கே இருந்த துண்டு மட்டும் மஞ்சளாகிக் கிடந்தது. நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"ஆண்டியப்பன் இந்தமுறை கவனிக்கேல்லைப் போல," என்றார் அப்பா.

சிவரூபி போனைத் திறந்தாள். பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டு போனாள். கடைசிப் பெயராக வேறு யாரோ இருந்தார்கள். அன்று போடாமல் விட்டது நினைவுக்கு வந்தது. அழிந்ததை மீட்கும் வழி அவளுக்குத் தெரியும். அங்கேயே, வரம்பில் நின்றபடியே மீட்டாள். ஒரு சொடக்குப் போடும் நேரம்தான். ஆண்டியப்பன் என்ற பெயர் ஒன்றும் நடக்காதது போல வரிசையின் கடைசியில் வந்து நின்றது. எதிரே பயிர் மஞ்சளாகவே நின்றது.

அப்பா வரம்பிலே நின்று கிருபனுக்குப் போன் எடுத்தார். "நீ என்னடாப்பா, துருசைத் திறக்கிறியோ, படுத்து நித்திரை கொள்ளுறியோ? ஒரு வயல் கருகிக் கிடக்குது!" மறுமுனையில் கிருபன் என்னவோ சொல்ல முயல்வது கேட்டது. "போனில பேர் இல்லையோ? பொய் சொல்லாதை. இஞ்சை என்ர பிள்ளையின்ர போனில இருக்குது, கண்ணால பாக்கிறன்!"

சிவரூபி பக்கத்தில் நின்றாள். அப்பா பார்த்தது, அவள் அந்த நிமிடம் மீட்டெடுத்த பெயரை. சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். முதலாவது தவறியது. இரண்டாவது தவறியதல்ல, தெரிந்து செய்தது. அந்த வித்தியாசம் வீடு வரைக்கும் அவளோடு பின்சீற்றில் இருந்து வந்தது.

அன்று சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு அம்மா வழமைபோலக் கேட்டா. "காணுமோ? வடிவாக் காணுமோ?" சிவரூபிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வெறுத்த "உறுதியாக அழிக்கவா?" என்ற அதே கேள்வியைத்தான் அந்த மண்டபத்தில் விமலேஸ்வரி தனக்காகக் கேட்டா, பிறஷர்க்காரர் தனக்காகக் கேட்டார், அப்பாவுக்காக அவளே கேட்டாள். ஆண்டியப்பனுக்காக அதைக் கேட்க ஒரு ஆளில்லை. அவள் விரல் கடைசிப் பெயரில் நின்றது கடைசியாக இருந்ததால் மட்டும்தானா? ஒருவரும் கோபிக்கமாட்டார்கள் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது. அவள் கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

விடிந்ததும் தனியாக ஆண்டியப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் கம்பியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்தார். தோள் துண்டால் அதைத் துடைத்தார். இன்னொரு தரமும் துடைத்தார்.

"ஒக்காருங்க பிள்ளை. ஐயா சுகமா இருக்காரா?"

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் காட்டுவதற்காக அழித்தது, திருப்பிப் போட மறந்தது, அதனால் போனில் பெயர் போகாமல் விட்டது, கிருபன் திறக்காமல் விட்டது, எல்லாம். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"கூட்டத்தில வச்சு வேணுமெண்டு எடுக்கேல்லை ஐயா. தவறிப்போச்சு. நீங்கள் ஏன் ஒரு சொல்லு வந்து கேக்கேல்லை?"

"நான் அன்னைக்கு வாசல்ல நின்னேன் பிள்ளை," என்றார் ஆண்டியப்பன். "நீங்க எடுத்தத பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். எல்லாரும் பாக்க, அம்மாம் பெருசா சுவத்துல போட்டு எடுத்தீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. சரி, நம்மள எடுக்கிறதா முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்."

"திருப்பி எடுக்கலாம் எண்டும் சொன்னனானெல்லோ?"

"சொன்னீங்க." அவர் கம்பியை எடுத்து, கையில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது உங்க ஆளுகளுக்குன்னு நெனச்சேன்."

அவள் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள்.

குசினிக்குள்ளிருந்து மகள் நிசாந்தினி வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் சிவரூபிக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். அவள் அப்பாவைப்போலக் கம்பியைப் பார்த்துக்கொண்டு கதைக்கிற ஆளில்லை. "நான் சொன்னனான் அக்கா, போய்க் கேளுங்கோ எண்டு. விடேல்லை. எங்கட காணிக்கு இன்னும் அரசாங்கப் பேமிற் இல்லை. கேட்டுப் பகைச்சால் இருக்கிற துண்டையும் எடுத்துப் போடுவினம் எண்டு பயம் அவருக்கு. கிணத்துத் தண்ணியை வாளி வாளியா அள்ளி ஊத்தினனாங்கள். கிணறு கலங்கிக் குடிக்கத் தண்ணியில்லாமப் போச்சு. அதோட விட்டிட்டம்."

"சும்மா இரு," என்றார் ஆண்டியப்பன் மகளைப் பார்த்து. பிறகு சிவரூபியிடம், "பிள்ளை இவ்வளவு தூரம் வந்து சொன்னதே பெரிய விசயம்," என்றார். அவள் அங்கே எதையும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தாள். அவர் நன்றி சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

அன்றே துருசு திறந்து அவர் வயலுக்குத் தண்ணீர் போயிற்று. பிந்திய தண்ணீர். பயிர் பாதி எழும்பியது, பாதி எழும்பவில்லை. அறுவடையில் பதர்தான் கூடுதலாக வந்தது. சிவரூபி தன் கையால் விதைநெல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதையும் நன்றி சொல்லியே வாங்கினார்.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னாள். "சரி, அவனுக்குத் தண்ணி விட்டாச்சு, விதைநெல்லும் குடுத்தாச்சு. இனி இதைக் கூட்டத்தில இழுத்து என்ன காணப்போறாய்? கிருபனிட்ட நான் தனியச் சொல்லுறன்," என்றார்.

"எல்லாருக்கும் முன்னால அழிச்சனான் அப்பா."

"அதுக்கு?"

அவள் எழும்பிப் போனாள். அலுவலக வேலை முடிய மிஞ்சிய நேரமெல்லாம் இருந்து செயலியைத் திருத்தினாள். இப்போது ஒரு பெயரை அழித்தால் அது மறையாது. சாம்பல் நிறமாகி, இருந்த இடத்திலேயே கிடக்கும். "திருப்பி எடு" அதன் பக்கத்திலேயே நிற்கும், மறையாது. வடிவு குறைந்துதான் இருந்தது. அழிக்கப்பட்டவரின் போனுக்கு உடனே செய்தி போகும், அவரே தொட்டுத் தன் பெயரைத் திருப்பி எடுக்கலாம். அலுவலகத்தில் காட்டியபோது எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அவளுக்கு மட்டும், வாசலில் நின்ற ஒருவர் "அது உங்க ஆளுகளுக்கு" என்று சொல்வது கேட்டுக்கொண்டே இருந்தது.

போகம் முடிந்து மறுபடி கூட்டம். அதே மண்டபம், அதே சுவர். புரொஜெக்டர் வயரை இந்தமுறை நிலத்தோடு ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை வைத்து வேட்டிக்காரரை நாலு பேர் பகிடி பண்ணினார்கள். கிருபன் ஒரு மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். அவன் ஒரு வயலைக் கருகவிட்டவன் என்ற கதை வாய்க்கால் முழுக்கப் பரவியிருந்தது. தனியச் சொல்லுறன் என்ற அப்பா சொல்லியிருக்கவில்லை.

சிவரூபி போனைக் கையில் எடுத்தாள். "அழிக்கிறதைக் கொஞ்சம் மாத்தியிருக்கிறன். காட்டுறன்," என்றாள். சுவரில் பெயர்கள் வந்தன. விமலேஸ்வரி தன் பெயரைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டா. சிவரூபியின் விரல் முதலாவதைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, மூன்றாவதில் நின்றது.

ஐயாத்துரை என்ற பெயர் சுவரில் சாம்பலாகியது.

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. "சிவ சிவா," என்றா விமலேஸ்வரி. ஐயாத்துரை கதிரையை விட்டு எழும்பினார், முகம் கறுத்துப் போயிருந்தது. "என்ன விளையாட்டிது? உடனை திருப்பிப் போடு!"

அவள் போடவில்லை. குரலை உயர்த்தினாள், பின்னுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று. "போன கூட்டத்தில ஆண்டியப்பன் ஐயாவின்ர பேரை இப்பிடித்தான் அழிச்சனான். திருப்பிப் போடேல்லை. தண்ணி போகாததுக்கு அதுதான் காரணம். கிருபன்ர பிழை இல்லை, அவன் சொன்னது உண்மை. பிழை முழுக்க என்ர. அப்பா அவனை ஏசின நேரம் பக்கத்தில நிண்டும் நான் வாய் திறக்கேல்லை."

கிருபன் தலையை உயர்த்திப் பார்த்தான். சுவரில் அப்பாவின் பெயர் சாம்பலாகவே கிடந்தது. ஐயாத்துரை அதைப் பார்ப்பதும் மகளைப் பார்ப்பதுமாக நின்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பிள்ளை."

எல்லாரும் திரும்பினார்கள். உள்ளே கதிரைகள் காலியாகக் கிடந்தன. ஆண்டியப்பன் அன்று போலவே வாசலில்தான் நின்றார், தோள் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு.

"ஐயா பேரப் போட்டுருங்க பிள்ளை," என்றார். "பாக்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

சிவரூபி "திருப்பி எடு" என்பதைத் தொட்டாள். அப்பாவின் பெயர் திரும்பி வந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை. தன் பெயருக்காக ஒரு போகம் முழுக்க வாய் திறக்காத மனிதர் அப்பாவின் பெயருக்காக ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் நின்ற அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.